கிரகப்பிரவேசத்துக்கு வந்த வாத்துகள்

மாம்பலம் ஏரியைத் தூர்த்து மனை போட்டதும், மயிலாப்பூரிலிருந்து வந்து வீடு கட்டியவர்களில் நாங்களும் உண்டு. ஐப்பசியில் கிரகப்பிரவேசம். ஹோமப் புகைக்கு மேலே, வடக்கேயிருந்து வந்த வாத்துக்கூட்டம் ஒன்று வட்டமிட்டது. கும்பாபிஷேகத்துக்குக் கருடன் வந்ததுபோல் எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"பாத்தேளா! நம்மாத்தை ஆசீர்வாதம் பண்ண பகவானே அனுப்பிச்சிருக்கார்" என்றார் அப்பா.

சாயங்காலம்வரை அவை சுற்றின. பாயசம் குடித்துக்கொண்டே அண்ணாந்து பார்த்தோம். இமயத்தைத் தாண்டி வருஷாவருஷம் அந்த ஏரிக்கே வந்து இறங்கும் பறவைகள், அன்று தண்ணீரைக் காணாமல் தவித்திருக்கின்றன என்பது வெகுகாலம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

அடுத்த ஐப்பசியில் எல்லாரும் மாடியேறிக் காத்திருந்தோம். ஒன்றுகூட வரவில்லை. வீட்டுக்கு ஏதோ தோஷம் என்று அப்பா சாந்தி ஹோமம் செய்தார்.