லாமேக்கின் வயதும் மூன்றாம் ஓலையும்

எங்கள் வீட்டில் சாயங்கால ஜெபத்தின்போது வேதாகமம் வாசிக்க முறை வைத்திருந்தார்கள். ஆளுக்கு ஓர் அதிகாரம். யாருக்கு எது வாய்க்கிறதோ அதை வாசித்துத்தான் ஆக வேண்டும். தாவீது கோலியாத்தை அடித்த கதை என் முறைக்கு ஒருநாளும் வந்ததில்லை. ஆதாம் இத்தனை வயதில் சேத்தைப் பெற்றான், சேத் இத்தனை வயதில் ஏனோசைப் பெற்றான் என்று போகிற வம்ச வரலாறுதான் என் தலையில் விழும். பெற்றான், உயிரோடிருந்தான், மரித்தான். திரும்பவும் பெற்றான், உயிரோடிருந்தான், மரித்தான். நான் வாசித்து முடிப்பதற்குள் பாதிப் பேர் சாமியாடிக்கொண்டிருப்பார்கள், தூக்கத்தில்.

அறுபத்திரண்டாம் வருடம் பிறந்ததும் அந்தத் தூக்கம் போயிற்று. பிப்ரவரி முதல் ஞாயிற்றுக்கிழமையை ஒட்டி எட்டுக் கிரகங்களும் மகர ராசியில் கூடுகின்றன, உலகம் தாங்காது என்று சிவகாசி முழுவதும் ஒரே பேச்சு. கோயில்களில் யாகம் நடந்தது. கோழி வளர்த்தவர்கள், எப்படியும் அழியப்போகிறதே என்று கோழிகளை அடித்துத் தின்றார்கள். தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிற பெண்கள், சாவதென்றால் வீட்டில் பிள்ளைகளோடு சாவோம் என்று வேலைக்குப் போகாமல் நின்றுகொண்டார்கள். வானத்திலிருந்து தீ விழும் என்றார்கள் சிலர், கடல் பொங்கும் என்றார்கள் சிலர். கடல் எங்கள் ஊருக்கு வந்து சேர நேரமாகும். எனக்குத் தீயைப் பற்றித்தான் கவலை.

காரணம், அப்பாவுக்கு விஸ்வநத்தத்தில் வேலை. வெடி செய்கிற கம்பெனியை எங்கள் பக்கத்தில் பயராபீஸ் என்போம். அங்கே மருந்து கலக்கிவிட்டு, விரல் இடுக்கெல்லாம் வெள்ளி நிறத்தோடு வருவார். எனக்கு அப்போது எட்டு வயது. வானத்திலிருந்து ஒரு பொறி விழுந்தால் மற்ற ஊர்க்காரர்கள் ஒரு வாளித் தண்ணீரோடு தப்பித்துக்கொள்ளலாம், எங்கள் ஊர் என்ன ஆகும் என்று நினைக்க நினைக்கச் சோறு இறங்கவில்லை.

"அப்பா, ஒங்க குடோன்ல எம்புட்டு வெடி இருக்கும்?"

"தீவாளிக்குத்தான லோடு ஏறும்? இப்பத்தான் சேருது. ஒனக்கு என்னத்துக்குட்டி அது?"

என்னத்துக்கு என்று சொல்லப் பயமாக இருந்தது.

எங்கள் வீட்டில் அப்பாவுக்கு மூத்தவரான பெரியப்பா இருந்தார். வெடிமருந்து தீப்பற்றியதில் கண்பார்வை மங்கி, வேலையை விட்டு வீட்டோடு இருந்தவர். வேதத்தில் கரை கண்டவர் என்று அவருக்கே ஒரு எண்ணம். ஊர் பயந்ததைவிட, அந்தப் பயம் பஞ்சாங்கத்திலிருந்து வந்தது என்பதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

"பஞ்சாங்கக்காரனுக்குத் தெரிஞ்சது மோசேக்குத் தெரியாமப் போயிருமா? எங்கனயாவது ஒளிச்சு வச்சிருப்பாரு" என்று தேட ஆரம்பித்தார். தீர்க்கதரிசிகளின் புத்தகங்களை எல்லாம் புரட்டச் சொல்லிக் கேட்டு ஒன்றும் அகப்படாமல், கடைசியில் எனக்கு எப்போதும் வாய்க்கிற அந்த வம்ச வரலாற்றுக்கு வந்து சேர்ந்தார். தொள்ளாயிரம் வருடம் ஒரு மனிதன் உயிரோடிருந்தான் என்றால் அது வயசா இருக்காது, வானத்துக் கணக்காகத்தான் இருக்கும் என்பது அவர் கட்சி.

கண் மங்கியவருக்கு வாசித்துக் காட்டக் கிடைத்தவள் அத்தை. அப்பாவின் கடைசித் தங்கை, இருபது வயது. கணக்கில் கெட்டிக்காரி என்று பள்ளிக்கூடத்தில் பேர் வாங்கியவள். அத்தைக்கு அப்போது கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை காரியாபட்டியில் மளிகைக் கடை வைத்திருந்தவர். முதல் மனைவி இறந்துபோய், நெற்றி ஏறிப்போன வயது. பெண் பார்க்க வந்தபோது சாத்தூர் சேவு ஒரு பொட்டலம் என் கையில் கொடுத்தார். அந்த ஒன்றுக்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று. கல்யாணத்துக்கு முன்னால் தேவாலயத்தில் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை சொல்ல விரும்புகிறவர்கள் சொல்லலாம் என்று குருவானவர் சபைக்கு அறிவிப்பதுதான் ஓலை. மூன்றும் வாசித்தால்தான் கல்யாணம். அத்தையின் மூன்றாம் ஓலை சரியாக, உலகம் அழியும் என்ற அந்த ஞாயிற்றுக்கிழமையில் வந்து விழுந்திருந்தது.

முதலில் அகப்பட்டது ஏனோக்கு. மற்றவர்கள் எல்லாம் எண்ணூறு, தொள்ளாயிரம் என்று இருந்துவிட்டுப் போக, அவன் மட்டும் முந்நூற்று அறுபத்தைந்து வருடம் இருந்தான். "சூரியக் கணக்கு!" என்று பெரியப்பா தொடையில் தட்டினார். அதோடு நின்றுபோனது. தொள்ளாயிரத்து அறுபத்தொன்பது வருடம் இருந்த மெத்தூசலாவை எத்தனையோ விதமாகக் கூட்டியும் கழித்தும் அவன் பிடி கொடுக்கவில்லை. பெரியப்பா சலித்துப்போய் விட்டுவிடுவார் என்று அம்மா நிம்மதியாக இருந்தாள்.

அத்தை விடவில்லை. யாரும் சொல்லாமல் அவளே போய்ப் பள்ளிக்கூட டீச்சரிடம் அட்டை கிழிந்த வானசாஸ்திரப் புத்தகம் ஒன்றை இரவல் வாங்கி வந்தாள். ஒரு கிரகம் சூரியனோடு சேர்ந்து, விலகி, மறுபடி சேர எத்தனை நாள் ஆகும் என்று அதில் போட்டிருந்தது. அடுப்படியில் உட்கார்ந்து கரித்துண்டால் தரையில் கூட்டிக்கொண்டே இருந்தவள், ஒரு மத்தியானம் சத்தம் போட்டாள்.

"அண்ணே, வியாழனுக்கு முந்நூத்தித் தொண்ணூத்தொம்பது நாளு. சனிக்கு முந்நூத்தி எழுவத்தெட்டு. ரெண்டையும் கூட்டுங்க."

"நீயே சொல்லு."

"எழுநூத்தி எழுவத்தேழு. லாமேக்கு வயசு!"

லாமேக்கு யார்? நோவாவின் தகப்பன். அவனுக்குப் பின்னால்தான் ஜலப்பிரளயம். அதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. இரண்டு நாள் கழித்து அத்தை அதே வரிசையில் வருகிற யாரேத்தைப் பிடித்தாள். வெள்ளிக்கு ஐந்நூற்று எண்பத்து நான்கு நாள், சனியைச் சேர்த்தால் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டு. யாரேத்தின் வயது.

"அண்ணே, கர்த்தருக்கு ஆயிரம் வருசம் ஒரு நாள்தான? ஆயிரத்தைத் தள்ளிப் பாருங்க. இப்ப என்ன வருசம் நடக்கு?"

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டில் ஆயிரம் போக மிச்சம் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டு என்று பெரியப்பா விரல் விட்டுக் கழித்தார். அடுப்பில் குழம்பு தீய்ந்தது. நான் பயந்துபோய் அத்தையின் சேலையைப் பிடித்துக்கொள்ளப் போனேன். அவள் முகம் அப்படி ஒரு மலர்ச்சியாக இருந்தது. கணக்குச் சரியாக வந்துவிட்ட சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்கே வீட்டில் சண்டை மூண்டது.

"ஓலையைத் தள்ளி வையி. அழியப் போற நாள்ல யாருக்குடா ஓலை?" என்றார் பெரியப்பா.

"அழியலேன்னா? ஓலையை நிறுத்திட்டாகன்னு தெரிஞ்சா காரியாபட்டிக்காரவுக வேற எடம் பாத்திருவாக. இவளுக்கு இன்னொரு எடம் நீங்களா கொண்டு வருவீக?" என்றார் அப்பா.

பெரியப்பா மூன்று நாள் தனியாகச் சாப்பிட்டார். அத்தை இரண்டு பேருக்கும் பரிமாறினாள். யார் ஜெயிப்பார்கள் என்று வாசல்படியில் உட்கார்ந்து அவர்கள் பேச்சுக்குக் காது கொடுத்துக்கொண்டே இருப்பாள். அவளிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. எனக்கு இருந்த கவலையெல்லாம் குடோன் மேல்தான். சனிக்கிழமை ராத்திரி அம்மாவின் முந்தானையை என் கையில் சுற்றிக்கொண்டு படுத்தேன். அன்றைக்குச் சாயங்காலம்தான் கடைசியாக, குருவானவரிடமே பெரியப்பா போய் முறையிட்டிருந்தார். குருவானவர் சிரிக்காமல் கேட்டுக்கொண்டு, கர்த்தர் வந்தால் ஓலை வாசிக்கிற சபையாகவே நம்மைப் பார்க்கட்டுமே என்று அனுப்பிவிட்டாராம்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் நிற்க இடமில்லை. வருடத்துக்கு ஒருமுறை கிறிஸ்துமசுக்கு எட்டிப் பார்க்கிறவர்கள்கூட முன்வரிசையில் இருந்தார்கள். நான் ஜன்னலோரம் விஸ்வநத்தம் இருக்கிற திசையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு காகம் பறந்தாலும் நெஞ்சு திடுக்கிட்டது. குருவானவர் மூன்றாம் ஓலையை எடுத்து வாசித்தார். அத்தையின் பேர், அந்த மனிதரின் பேர். தடை சொல்ல விரும்புகிறவர்கள் உண்டா என்று கேட்டுவிட்டு வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே நிறுத்தினார். பெரியப்பா கண்ணை மூடி வானத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தார். அத்தை என் கையைப் பிடித்திருந்தாள். பிடி இறுக இறுக என் விரல் வலித்தது. வெளியே எங்கோ ஓர் ஆடு கத்தியது. அவ்வளவுதான். குருவானவர் அடுத்த பாட்டைச் சொன்னார்.

வெளியே வந்தபோது வெயில் எப்போதும்போல அடித்தது. ஆட்கள் ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டு போனார்கள். யாகம் நடத்தியவர்கள், யாகத்தால் உலகம் தப்பியது என்றார்கள். எங்கள் ஜெபத்துக்குக் கர்த்தர் மனமிரங்கினார் என்று பெரியப்பா சொல்லி, அப்பாவோடு சமாதானமாகி, ஒரே இலையில் கறிச்சோறு தின்றார். எனக்கோ பசி என்றால் அப்படி ஒரு பசி. எத்தனையோ நாளுக்குப் பிறகு வயிறு முட்டத் தின்றுவிட்டு அத்தையைத் தேடிப் போனேன்.

கொல்லையில் விறகுக் கட்டுகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். உதடு ஏதோ எண்ணிக்கொண்டிருந்தது. கண் சிவந்திருந்தது.

"ஏட்டி, கணக்குல ஒரு வாரம் தப்பிப்போச்சோ? அடுத்த ஞாயித்துக்கிழமையா இருக்குமோ?"

எனக்குப் பாவமாக இருந்தது. எல்லோருக்கும் பயம் தெளிந்த பிறகும் இவளுக்கு மட்டும் தெளியவில்லையே என்று பக்கத்தில் உட்கார்ந்து அவள் கன்னத்தைத் துடைத்தேன்.

"பயப்படாதீக அத்தை. இனிமே உலகம் அழியவே அழியாது. அடுத்த வாரம் ஒங்களுக்குக் கல்யாணம் நடக்கும் பாருங்க."

அத்தை என் தலையைத் தன் மடியில் அழுத்திக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். இவ்வளவு நல்ல செய்தி சொல்லியும் அழுகிறாளே என்று எனக்கு அவள்மேல் கோபம்கூட வந்தது. ஊரெல்லாம் உலகம் பிழைக்க வேண்டும் என்று மன்றாடிய அந்த நாட்களில், எங்கள் வீட்டில் ஒருத்தி மட்டும் அது அழிந்தாவது அந்த ஓலை நிற்காதா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள் என்பது எனக்குத் தெரியவில்லை. அது தெரிய, எனக்கே ஓலை வாசிக்கிற வயது வர வேண்டியிருந்தது.