'பெர்னா' என்று சொன்னவன்

லீவில் வந்து, கிள்ளான் பாசாரில் அம்மாவுக்கு மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பந்திங் சாலையில் லோரி மோதி சரவணன் போய்விட்டான் என்றார்கள். அவனும் லீவில்தான் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தான். மீனைக் கையில் வாங்கினேனா என்பதுகூட நினைவில்லை.

இருவரும் ஒரே நாளில் ராணுவத்தில் சேர்ந்தோம். நேர்காணலில் அதிகாரி எல்லாரிடமும் போதைப்பொருள் 'பெர்னா?' என்று மலாயில் கேட்டார்; எப்போதாவது தொட்டதுண்டா என்று பொருள். எல்லாரும் இல்லை என்றோம். அவன் மட்டும், "பெர்னா, துவான். டுலு" என்றான். உண்டு ஐயா, முன்பு. சோதனையில் அவன் சுத்தமாக இருந்ததால், ஒரு தடவை தவறினாலும் வெளியே என்ற எச்சரிக்கையோடு சேர்த்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து முகாமில் அவன் பெயரே பெர்னா.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமே என்று ஒருநாள் திட்டினேன். "பொய் சொல்லிட்டு வந்தா தினம் பயந்துகிட்டே இருக்கணும்லா. இப்ப பாரு, படுத்தா தூக்கம் வருது" என்றான். அவன் குறட்டையில் எங்களுக்குத்தான் தூக்கம் போனது.

முதல் லீவு முடியும் முன்பே தன் ஊரான கேரி தீவிலிருந்து முகாமுக்குத் திரும்பிவிட்டான். பந்திங் பஸ் நிலையத்தில் பழைய கூட்டாளிகள் காத்திருந்தார்களாம். "அவனுங்க அன்பா கூப்புடுறானுங்கடா. அதுக்கு முகாம்ல சார்ஜன் ஏசுறதே மேல்."

திடீர்ச் சிறுநீர்ச் சோதனை வரும்போதெல்லாம் வரிசையில் அவன்தான் முதல் ஆள். சந்தேகப்படுகிறவர்கள் முதலில் என்னைப் பார்க்கட்டும் என்பான். ஒருமுறைகூட அவன் தவறவில்லை.

துக்க வீட்டில், மறுபடியும் அந்தப் பழக்கமாகத்தான் இருக்கும் என்று சிலர் முணுமுணுத்தார்கள். அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மறுபடி தொட்டானாப்பா? நீயாவது உண்மைய சொல்லு."

"தொடலம்மா. அதெல்லாம் டுலும்மா."

அதற்குப் பிறகுதான் அவர் வாய்விட்டு அழுதார். அவனை அறிந்தவர்களே, யாராவது அப்படிப் பேசினால் நீங்களும் இதையே சொல்லுங்கள்.

முகாமுக்குத் திரும்பிய வாரமே சோதனை வந்தது. எல்லாரும் வரிசையில் நின்றார்கள், பழக்கத்தில் முதல் இடத்தை மட்டும் விட்டுவிட்டு. சார்ஜன் அதட்டவில்லை, அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் போய் அங்கே நின்றேன். இனி அது என் இடம்.