வெள்ளைக் காலடிகள்

அறுபதுகளின் கடைசியில் ராயபுரத்தில் வாடகை நூல்நிலையம் வைத்திருந்தேன். கால் முறிந்து வீட்டில் கிடந்த கூட்ஸ் வண்டி கார்டு ஒருவருக்கு வாரம் ஒருமுறை புத்தகம் கொண்டுபோவேன். சனிக்கிழமைதோறும் ரயில்வே கிளப்பில் மனைவியோடு வால்ட்ஸ் என்ற ஜோடி நடனம் ஆடியவர். நெட்டையான மனிதர். ஒரு காலில் மாவுக்கட்டு. இன்னொரு காலில், வீட்டுக்குள்ளேயும், பளபளக்கும் கறுப்பு ஷூ.

துப்பறியும் கதைகளைத் திறக்காமலே திருப்பித் தந்தார். எனக்குக் கோபம்தான். ஆனாலும் மூர் மார்க்கெட்டில் தேடி ஒரு பழைய நடனப் புத்தகம் வாங்கிக் கொடுத்தேன். பக்கமெல்லாம் காலடிப் படங்கள். ஆணுக்குக் கறுப்பு, பெண்ணுக்கு வெள்ளை. அவற்றின்மேல் இரண்டு விரல்களை நடக்கவிட்டு, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று முணுமுணுப்பார்.

மூன்றாம் வாரம் பார்த்தால், விரல்கள் வெள்ளைக் காலடிகள்மேல் பின்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தன.

"அது பொம்பளைங்க வைக்கிற அடியாச்சே, சார்?"

"அதான் நைனா பாத்துகினு கீறேன். இருவது வருசமா நான் முன்னால பாத்து நடக்கறேன், அவ பின்பக்கமாவே நடக்கறா. எங்க இட்டுகினு போறேன்னு ஒரு நாளுகூட திரும்பிப் பாத்ததில்ல. எப்டி நைனா முடிஞ்சுது?"



மாவுக்கட்டைப் பிரித்த பிறகு ஒரு மாலை, புத்தகத்தைத் திரும்ப வாங்கப் போனேன். ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. மனைவி முன்னோக்கி நடத்த, அவர் பின்பக்கமாக அடிவைத்தார். மூன்றாவது அடியிலேயே கழுத்தைத் திருப்பிச் சுவரைப் பார்த்துவிட்டார்.

"பயமா கீதும்மே," என்றார்.

"எனக்குந்தான் இருந்துச்சு," என்றார் அந்த அம்மாள்.

அவர் அப்படியே நின்றுவிட்டார். நான் புத்தகத்தைக் கேட்காமலே படியிறங்கினேன்.