வெள்ளை உப்புப் பரீட்சை

தங்கச் சுரங்க ஊரான மாரிகுப்பத்தில் நான் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தபோது, பல்பொடி செய்து விற்கும் பெரியவர் ஒருவர் வருவார். வாயில் ஒரு பல்லும் கிடையாது. கரியையும் உப்பையும் அரைக்க, சைக்கிள் பெடலால் சுழலும் பீங்கான் ஜாடியை அவரே செய்திருந்தார். அதற்குள் உருளக் குண்டுகள் வேண்டும்.

ஈயக் குண்டைக் கொடுத்தேன். நகத்தால் கீறிப் பார்த்தார்; கோடு விழுந்ததும் திருப்பித் தந்தார். சுரங்கத்துப் பழைய சாமான்களில் கிடந்த இரும்புக் குண்டுகளை வாங்கிப் போனவர், மறுநாளே ஒரு பொட்டலத்தோடு வந்தார். அவற்றைக் கொண்டு வெறும் உப்பை அரைத்துப் பார்த்திருக்கிறார். பிரித்து வெயிலில் பிடித்துக் காட்டினார்; உப்பு சாம்பல் நிறமாகியிருந்தது.

“குண்டு தேயுதுப்பா. ஷிப்டுக்குப் போற ஆளுங்க வாயில போறது. வேற குடு.”

“இன்னா பெரியவரே, கரி சேத்தா எல்லாம் கறுப்புதான். எவனுக்குத் தெரியப் போவுது?”

பொட்டலத்தை என் கையில் வைத்தார். “அப்போ இத்த வச்சி நீ பல்லு வெளக்கு, பாக்கலாம்.”

உள்ளே போய், லாரி பேரிங்கிலிருந்து கழற்றிய எஃகுக் குண்டுகளைக் கொண்டுவந்தேன். அரத்தால் தேய்த்துப் பார்த்தார். அரம்தான் வழுக்கியது. ஈறு தெரியச் சிரித்தார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அவருடைய பொடிதான். அதைப் போட்டு விளக்க அவருக்கென்று ஒரு பல் இல்லை. ஊரார் பல்லுக்காகத்தான் அவர் உப்பை வெயிலில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.