பியூரிட்டன் சட்டமும் டாக்டரம்மாவும்

“சமையல்காரர் பொண்ணு சரித்திரம் படிச்சு என்னத்தக் கிழிக்கப் போகுது?” என்று டாக்டரம்மா கேட்டபோது எனக்குப் பதினொரு வயது. கேட்டது அப்பாவிடம். நான் பக்கத்தில் நின்று தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ரொக்ஸ்பரோ என்ற புறநகரில் குடியிருந்த சென்னை டாக்டர் வீட்டில் சமைப்பதற்காக மான்ட்ரியல் வந்தவர் அப்பா. அம்மா இறந்ததும் என்னையும் வரவழைத்தார். பேஸ்மென்டில் எங்களுக்கு ஓர் அறை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான். அங்கே அப்போது பள்ளிகள் கத்தோலிக்கம், புராட்டஸ்டன்ட் என்று இரண்டே வகை. என் விண்ணப்பத்தை டாக்டர்தான் நிரப்பினார். முருகனைக் கும்பிட்டுக்கொண்டிருந்த நான் ஒரே பேனாக் கீறலில் புராட்டஸ்டன்ட் ஆனேன்.

டாக்டரின் மனைவிதான் எங்களுக்கு டாக்டரம்மா. அவருக்குக் குழந்தை பிறந்தது. அதைப் பார்த்துக்கொள்ள நான் பள்ளியிலிருந்து நின்றுவிட வேண்டும் என்றார். அதே வாரம் வகுப்பில் பியூரிட்டன்கள் பாடம். சில நூற்றாண்டுகளுக்கு முன் பக்கத்து நாட்டுக் கடற்கரையில் குடியேறிய கண்டிப்பான புராட்டஸ்டன்ட் கூட்டம். கிறிஸ்துமஸ்கூடக் கொண்டாடமாட்டார்கள். ஞாயிறு முழுக்கப் பிரசங்கம்; தூங்கி விழுந்தால் கோலால் ஒரு குத்து. எனக்கு அவர்களைப் பிடிக்கவே இல்லை, ஒரு வரி வரும்வரை. வேதத்தை ஒவ்வொருவரும் தாமே வாசிக்க வேண்டும், ஆகவே வீட்டு எஜமானர் தம் பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, வேலைக்கு இருக்கும் பிள்ளைகளுக்கும் வாசிக்கக் கற்றுத்தர வேண்டும், தவறினால் அபராதம்.

நோட்டில் எழுதிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை பஜனைக்கு வந்தவர்கள் உப்புமா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கூடத்தின் நடுவில் நின்று அதை உரக்க வாசித்தேன்.

“நாமெல்லாம் புராட்டஸ்டன்ட். ஸ்கூல்ல அப்படித்தான் எழுதிக் கொடுத்தீங்க. என்னை நிறுத்தினா உங்களுக்கு ஃபைன் போடுவாங்க.”

“என்ன டாக்டரம்மா, எங்ககிட்ட சொல்லாமலே மதம் மாறிட்டீங்களா? உப்புமாவுக்கு முன்னாடி ஜெபம் ஏதும் உண்டா?” என்றார் ஒரு விருந்தாளி. எல்லோரும் சிரித்தார்கள். டாக்டரம்மா மட்டும் அப்பாவைக் கூப்பிட்டார்.

“இவ இப்பவே என் கால்ல விழணும். இல்லேன்னா ரெண்டு பேரும் கிளம்புங்க.”

அப்பா எனக்காகச் சண்டை போடுவார் என்று காத்திருந்தேன். அவரோ ஏப்ரனை அவிழ்த்து, மடித்து, மேசைமேல் வைத்துவிட்டுக் கீழே போய்ப் பெட்டி கட்டினார். ரயிலில், “அந்த வரிய இன்னொரு வாட்டி படிம்மா” என்றார். படிக்கத் தெரியாதவர். நான் படிக்கவில்லை. கோழை என்று மனதுக்குள் திட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தேன்.

நகருக்குள், பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் ஒரு கிரேக்க உணவகத்தில் பாத்திரம் கழுவித்தான் என்னைப் படிக்க வைத்தார். ஒரு பெரிய வீட்டின் சமையலையே தன் கையில் வைத்திருந்தவர். வாய் பேசாமல் அவர் போட்ட சண்டையைச் சண்டை என்று அறிய எனக்கு அன்று வயது போதவில்லை.

பியூரிட்டன்களையும் நான் சரியாகப் படித்திருக்கவில்லை. அவர்கள் எழுத்தைக் கொடுத்தது கீழ்ப்படிவதற்காக. வேதத்தைப் படித்து, தனக்குப் பட்ட பொருளைத் தன் வீட்டில் கூடியவர்களிடம் சொன்ன ஒரு பெண்ணை அதே மனிதர்கள் கூண்டில் ஏற்றிக் குடியேற்றத்தை விட்டே துரத்தினார்கள். டாக்டரம்மா படிக்காதே என்றார். இவர்கள் படி, வாயைத் திறக்காதே என்றார்கள். இரு தரப்பும் கடைசியில் காட்டியது வாசலைத்தான். பல்கலைக்கழகத்தில் அதைத் தெரிந்துகொண்ட நாளில் மூண்ட கோபம் இன்னும் தணியவில்லை. தணிக்கும் எண்ணமும் இல்லை.

அந்தப் பெண்ணின் விசாரணைதான் என் ஆய்வுக்கான பொருள். பதிவுகளைப் பார்க்க, அவளைத் துரத்திய அதே பாஸ்டனுக்குப் பஸ் ஏறிவிட்டேன். எல்லைச் சாவடியும் தாண்டியாயிற்று.