இரண்டாவது முட்டு

கொரட்டூர் ஏரிப் பக்கத்து மைதானத்தில் ஒரே கேட்சுக்கு நானும் என் நண்பனும் ஓடி, தலையோடு தலை மோதி விழுந்தோம். ஒருமுறை மட்டும் முட்டிக்கொண்டால் கொம்பு முளைக்கும் என்பார்களே, அதனால் இன்னொருமுறை முட்ட நான் சிரித்துக்கொண்டே குனிந்தேன். அவன் என்னையே பார்த்து, "நாம இன்னா மச்சான், பேட்டிங்கா பவுலிங்கா?" என்றான். பவுலிங் என்றேன். கொஞ்ச நேரத்தில் அதையே மறுபடியும் கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள், எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன்.

மண்டைக்குள் ரத்தக்கசிவு இல்லை, ஆனால் மூளை அதிர்ந்திருக்கிறது என்றார் டாக்டர். அது ஆறுவதற்குள் இன்னொரு அடி பட்டால் உயிருக்கே ஆபத்தாகலாமாம்.

மறுவாரம் அவன் வீட்டுக்குப் போனேன். வெளிச்சம் கூசுகிறது என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தான். "இன்னொரு முட்டு பாக்கி கீது மச்சான், கொம்பு மொளைச்சிடப் போவுது" என்று மெல்ல நெற்றியை நீட்டினான். அவன் மனைவி எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தார்.

"மொளைச்சா மொளைக்கட்டும்ண்ணா. பொங்கலுக்கு நானே பெயிண்ட் அடிச்சி உடறேன். நீங்க கொஞ்சம் தள்ளிக் குந்துங்க."

நாற்காலியைக் கதவு வரைக்கும் நகர்த்திக்கொண்டேன்.