ஓரடி வரப்பு

என் மேசையில் ஒரு மரஸ்கேல் கிடக்கிறது. ஓரடி நீளம், நடுவில் கறுத்த கறை. என் முனைவர் பட்டத்துக்கு இதுதான் ஆய்வுக்கூடம். தொண்ணூறுகளில் சேரன்மகாதேவி வயல்களில், வரப்பின் அகலத்துக்கும் எலியின் இனப்பெருக்கத்துக்கும் என்ன தொடர்பு என்று ஆராய்ந்தேன். எனக்குப் பெண் பார்த்தபோது வீட்டார் இதை வெளியே சொல்லவில்லை.

வேலை எளிது. வயல்கார அண்ணாச்சி வளையை வெட்டுவார். பாய்ந்து வரும் எலியை வாலைப் பிடித்து வரப்பில் ஒரே அடி, மண்டை உடைந்துவிடும். சூடு ஆறுமுன் நான் வயிற்றைக் கிழித்துக் கருக்களை எண்ணுவேன். அகல வரப்பில் வளை ஆழம், தண்ணீர் ஏறாது. கதிர் வெளிவருமுன் பயிர் பொதிகட்டும் நேரத்தில் பெட்டைகள் எல்லாம் சினையாக இருக்கும். ஒன்றின் வயிற்றில் பதினொன்று இருந்தன, பட்டாணி மாதிரி. ஒல்லி வரப்பில் அகப்பட்ட ஒன்றிரண்டுக்கும் வெறும் வயிறுதான்.

அந்தக் கார் பருவத்தில் அண்ணாச்சியின் நெல்லில் பாதியை எலி தின்றுவிட்டது. அடுத்து வரும் பிசானப் பருவமும் போனால் நிலத்தை விற்க வேண்டியதுதான்.

"தம்பி, ஒங்க படிப்பு எண்ணுததோட சரியா, இல்ல எதும் வழி சொல்லுதா?"

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் என்னிடம் யோசனை கேட்டார். விடுவேனா? ஸ்கேலை நீட்டி, "வரப்ப இதுக்கு மேல விடாதீங்க அண்ணாச்சி" என்றேன்.

நடவுக்கு முன் மண்வெட்டியோடு இறங்கினார். வரப்புக்கு அந்தப் பக்கம் அவர் அண்ணன் வயல். பாகம் பிரித்ததிலிருந்து பேச்சு கிடையாது, அதனால் கேட்கவில்லை. இரண்டு பக்கமும் சமமாகச் செதுக்கிவிட்டால் நியாயம்தானே என்று நினைத்திருக்கிறார். அண்ணன் வந்தபோது இவர் பக்கம் மட்டும்தான் முடிந்திருந்தது.

"ஏலே, அப்பன் போட்ட வரப்பையால அரிக்குத?"

"பொறுண்ணே, ஒம்ம பக்கமும் வெட்டித்தான்..."

"எம் பக்கமுமா!"

அண்ணன் கையிலும் மண்வெட்டி இருந்தது. அதைத் தடுக்க அண்ணாச்சி உயர்த்திய வலது கையின் நான்கு விரல்கள் சேற்றில் விழுந்தன. தள்ளி நின்ற நான் ஓடிப்போய் அவர் மணிக்கட்டில் துண்டைக் கட்டி, ரத்தம் நிற்க ஸ்கேலைச் செருகி முறுக்கினேன். என் ஆய்வுக் கருவி உருப்படியாகப் பயன்பட்டது அன்று மட்டுமே.

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் அண்ணாச்சி கேட்டது: "தம்பி, பாதி வெட்டுன வரப்புல எலி நிக்குமா, நிக்காதா?"

என் ஆய்வேட்டில் அதற்குப் பதில் இல்லை. பட்டம் மட்டும் கொடுத்துவிட்டார்கள்.

போன மாதம் போயிருந்தேன். நிலம் எப்படியோ தப்பியிருக்கிறது. வம்பு வேண்டாமென்று இரண்டு வீட்டாரும் உள்ளே தள்ளித் தள்ளியே உழுது, அந்த வரப்பு மாட்டுவண்டி போகும் அகலத்துக்கு வளர்ந்துவிட்டது. ஸ்கேலை வைத்துப் பார்த்தேன்; ஆறு தடவை வைக்க வேண்டியிருந்தது. வழி நெடுக வளைகள், வாசலில் புது மண்.

அண்ணாச்சி இடது கையால் வளைகளைக் காட்டினார். "இப்ப என்ன செய்யலாம், தம்பி?"

ஸ்கேலை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன்.